ஒளிக்கும் தள்ளும் வலிமை உண்டு

காற்றுக்குத் தள்ளும் வலிமை உண்டு என்பதை முல்லைத்தீவுக் கடற்கரையிலே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. பாய் விரித்த வள்ளம் கரையை விட்டு விலகி ஓடுவதையும், மாரிகாலத்து வாடைக் காற்று எழும்போது கடல் சீறுவதையும் அப்பிள்ளை கண்ணாற் கண்டே அறிந்திருக்கும். நீரின் வலிமையை, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் நாளிலே கிளிநொச்சி மக்கள் காண்கிறார்கள். ஆனால், ஒளிக்கும் தள்ளும் வலிமை உண்டு என்று கூறினால் அதனை எளிதில் நம்புவோர் சிலரே. நண்பகலில் வயல் வரம்பிலே நிற்பவனை வெயில் சுடுகிறது, வியர்க்கச் செய்கிறது, களைப்படையச் செய்கிறது. எனினும் அந்த வெயில் தன்னை மயிரிழையளவேனும் தள்ளியதாக அவன் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

அவன் உணராவிட்டாலும் வெயில் அவனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த விசை மிக அற்பமானது. ஆயினும் அதனைக் கணக்கிற் கொள்ளாதவர் வானிலே ஒரு செய்மதியை நெடுங்காலம் நிலைநிறுத்தி வைக்க முடியாது. கணக்கிற் கொண்டவர்களோ அதனையே துணையாக்கிக் கொண்டு, வங்காள விரிகுடாவில் உருவாகி வன்னிக் கரையை நோக்கி வரும் சூறாவளிகளை நாள்தோறும் கவனித்து வந்திருக்கிறார்கள். ஒளியின் விசை எத்தகையது, அது எவ்வாறு அறியப்பட்டது, அதனால் விளைந்த கேடு யாது, நன்மை யாது என்பவற்றை ஒழுங்காக நோக்குவோம்.

வால்வெள்ளிகளிலிருந்தே இக்கதை தொடங்குகிறது. வால்வெள்ளியின் வால், அது ஓடும் திசைக்குப் பின்னாலே புகைபோல நீண்டிருக்கும் எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. வால்வெள்ளி எத்திசையிற் சென்றாலும் அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே விலகி நிற்கும். சூரியனை விட்டு அகன்று செல்லுங்கால் வால் முன்னேயும் தலை பின்னேயுமாகச் செல்வதும் உண்டு. இதனை ஆராய்ந்த கெப்ளர் என்னும் ஜெர்மானிய வானியல் அறிஞர், சூரியனின் கதிர்களே வாலைத் தள்ளுகின்றன என 1619 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். வால்வெள்ளிக்கு இரண்டு வால்கள் உண்டென்பது இன்று தெளிவாகியுள்ளது. தூசியாலான வாலைத் தள்ளுவது ஒளி. வாயுவாலான வாலைத் தள்ளுவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளின் ஓட்டம். தூசி வாலைப் பொறுத்தவரை கெப்ளரின் எண்ணம் சரியானதே.

எடையற்ற ஒளி ஒரு பொருளைத் தள்ளுவது எங்ஙனம் என்ற வினா இங்கே எழுகின்றது. இதற்குக் கணித முறையில் விடை தந்தவர் ஸ்கொத்லாந்து நாட்டுப் பௌதிக அறிஞரான மக்ஸ்வெல் ஆவார். ஒளி ஒரு மின்காந்த அலை எனக் காட்டிய அவர், அத்தகைய அலை தான் படும் பொருளின் மீது அமுக்கத்தை உண்டாக்க வேண்டும் என்றும், அந்த அமுக்கம் எவ்வளவு என்றும் 1873 ஆம் ஆண்டு வெளியான தமது பெருநூலில் எழுதினார். ஒளிக்கு எடை இல்லை. ஆனால் உந்தம் உண்டு. ஓடும் பொருள் ஒன்று மற்றொன்றில் மோதும்போது எதனைக் கொடுக்கின்றதோ அதுவே உந்தம்.

ஈரக் களிமண் உருண்டை ஒன்றைச் சுவரில் எறிந்தால் அது சுவரிலே ஒட்டிக்கொள்ளும். அதே எடையுள்ள பந்து ஒன்றை எறிந்தால் அது சுவரிற் பட்டுத் திரும்பி வரும். ஒட்டிக்கொண்ட உருண்டையைக் காட்டிலும் திரும்பி வந்த பந்து சுவரை அதிகமாகத் தள்ளியிருக்கும். வந்த வேகத்திலேயே திரும்புமாயின் தள்ளுதல் இரு மடங்காகும். ஒளியின் செயலும் இவ்வாறே. கரிய பரப்பு ஒளியை விழுங்கிக் கொள்கிறது. ஆகவே ஒரு பங்கு தள்ளப்படுகிறது. கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே இரு பங்கு தள்ளப்படுகிறது. இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால், பின்னால் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

மக்ஸ்வெலின் கணக்கை நேரே அளந்து பார்ப்பது இலேசான காரியமாக இருக்கவில்லை. ஆங்கில விஞ்ஞானியான குறூக்ஸ், 1873 அளவில், காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழ் ஒன்றினுள் நான்கு சிறு தகடுகளை ஊசிமுனையிலே சுழலவிட்டார். தகடுகளின் ஒரு பக்கம் கரியது, மறுபக்கம் பளபளப்பானது. வெயிலில் வைத்ததும் அவை சுழன்றன. இன்றும் பாடசாலை ஆய்வுகூடங்களிற் காணப்படும் இக்கருவி ஒளியின் அமுக்கத்தாற் சுழல்கிறது எனக் கூறுவோர் உளர். அது தவறு. ஒளியின் அமுக்கமே காரணமாயின் பளபளப்பான பக்கம் அதிகம் தள்ளப்பட வேண்டும். ஆனால் தள்ளப்படுவது கரிய பக்கமே. குமிழினுள் எஞ்சியிருக்கும் சிறிதளவு காற்று, வெயிலாற் சூடேறிய கரிய பக்கத்தின் அருகே வேறுபட்ட முறையில் அசைவதனாலேயே அந்தச் சுழற்சி உண்டாகின்றது. ஆகவே உண்மையான ஒளியமுக்கத்தை அளக்க விரும்புவோர் காற்றின் இந்தக் குறுக்கீட்டை முதலில் ஒழிக்க வேண்டியிருந்தது. உருசிய விஞ்ஞானி இலெபெதேவ் அதனைச் செய்து, மிக மெல்லிய இழையிலே தொங்கவிட்ட தகடுகளைக் கொண்டு அமுக்கத்தை அளந்து, 1901 ஆம் ஆண்டளவில் முடிவுகளை வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் நிக்கல்ஸ், ஹல் என்னும் இருவரும் தனியே அளந்தனர். கல்கத்தாவிலே மேகநாத சாகா என்னும் இளம் அறிஞர், 1918 இல், ஒளியின் அமுக்கத்தைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மக்ஸ்வெல் தாளில் எழுதிய கணக்கு மெய்யென்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இவ்விசையின் அளவு யாது? பூமி சூரியனிலிருந்து நிற்கும் தூரத்திலே, வானவெளியில், ஒரு சதுர மீற்றர் பரப்பின் மீது நேராக விழும் சூரிய ஒளியின் வலு ஏறத்தாழ 1,361 உவாற்று. அந்த ஒளி ஒரு கண்ணாடியிற் பட்டுத் திரும்புமாயின், ஒரு ஏக்கர் பரப்புள்ள கண்ணாடி முழுவதின் மீதும் உண்டாகும் விசை ஏறத்தாழ நான்கு கிராம் எடைக்குச் சமமாகும். வன்னி விவசாயி ஒருவரின் ஒரு ஏக்கர் வயலை முழுவதும் கண்ணாடியாற் பரப்பி வானிலே கொண்டு நிறுத்தினாலும், சூரியன் அதனைத் தள்ளுவது நூற்றைம்பது நெல்மணிகளின் எடையளவே! இத்துணைச் சிறிய விசையைப் பூமியிலே எவரும் உணராதிருப்பதில் வியப்பில்லை. இலேசான தென்றலும் அதனை முற்றாக மறைத்துவிடும்.

வானவெளியின் நிலை வேறு. அங்கே தென்றலும் இல்லை. தரையின் உராய்வும் இல்லை. காற்றில்லாத நாளிலே குளத்து நீரில் மிதக்கும் வள்ளத்தை ஒரு சிறுவன் ஒற்றை விரலாலே தள்ளிக்கொண்டு நின்றால், முதலில் அது அசைவதாகத் தோன்றாது. சற்று நேரத்தின் பின் நகரத் தொடங்கும். நீரின் தடை மட்டும் இல்லையாயின், அதன் வேகம் மேன்மேலும் கூடிக்கொண்டே போகும். வானவெளியிலே சூரிய ஒளி அச்சிறுவனின் விரலைப் போன்றது. அது இரவென்றும் பகலென்றும் பாராது, ஓய்வென்பதே இன்றித் தள்ளுகிறது. ஒரு கணத்தில் அது செய்வது ஒன்றுமில்லை எனலாம். ஓராண்டில் அது செய்வதை ஒன்றுமில்லை என ஒதுக்கிவிட முடியாது.

இச்செய்திக்கும் வன்னி மக்களின் வாழ்வுக்கும் உள்ள தொடர்பை அறிய 1964 ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு டிசெம்பர் 22 ஆம் நாள் வங்காள விரிகுடாவிலிருந்து வந்த கடுஞ்சூறாவளி, இலங்கையின் வடபாகத்தை வவுனியாப் பகுதியூடாக ஊடறுத்துப் பாக்கு நீரிணைக்குட் புகுந்தது. அன்றிரவு அக்கரையிலே தனுஷ்கோடி என்னும் ஊர் அழிந்தது. அவ்வூரை நோக்கிச் சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. இக்கரையிலும் கடற்கரைக் குடியிருப்புகளும் குளங்களும் வயல்களும் பெருஞ்சேதமுற்றன. சூறாவளி ஒரே நாளில் உருவாவதில்லை. கடலின் நடுவே பல நாள் சுழன்று வலுப்பெற்ற பின்னரே அது கரையை அணுகும். ஆனால் அக்காலத்தில் இக்கடலின் மீது இடைவிடாது கண் வைத்திருக்கும் செய்மதி எதுவும் வானில் இருக்கவில்லை.

அத்தகைய இடைவிடாத காவலுக்கு ஏற்ற இடம் எது என்பது அதற்கு முன்பே காட்டப்பட்டிருந்தது. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் ஒரு கலம், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே தானும் ஒருமுறை சுற்றிவரும். ஆகவே கீழிருந்து நோக்குவோருக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். இத்தகைய நிலையங்கள் மூன்று இருந்தால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என 1945 ஆம் ஆண்டு எழுதியவர் ஆதர் சி. கிளாக் என்னும் ஆங்கில எழுத்தாளர். அவர் 1956 ஆம் ஆண்டிலிருந்து 2008 இல் மறையும்வரை இலங்கையையே தமது இல்லமாகக் கொண்டு கொழும்பில் வாழ்ந்தார்.

அந்த உயரத்திலே இந்தியா நிறுத்திய செய்மதி வரிசைக்கு இன்சாட் என்பது பெயர். தொலைபேசி, தொலைக்காட்சி, வானொலி ஆகியவற்றுக்கு உதவுவதோடு, மேகங்களைப் படம் பிடித்து அனுப்பும் கருவியும் அதே கலத்தில் வைக்கப்பட்டது. அங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. இரவிலும் மேகங்களைக் காண வேண்டுமாயின், அவை வெளிவிடும் வெப்பக் கதிர்களை உணரும் கருவி வேண்டும். அந்தக் கருவி தானே சூடாக இருந்தால் மேகத்தின் வெப்பத்தை எங்ஙனம் உணரும்? ஆகவே அது கடுங்குளிரில் வைக்கப்பட வேண்டும். அதன் பொருட்டுக் கலத்தின் வடபுறத்தில், இருண்ட வெளியை நோக்கி வெப்பத்தை வெளிவிடும் குளிராக்கி ஒன்று பொருத்தப்பட்டது. அந்தப் புறத்திலே, மின்சாரம் தரும் சூரியத் தகடு இருந்தால், தகட்டின் வெப்பம் குளிராக்கியைத் தாக்கிவிடும். எனவே மற்றைய செய்மதிகளுக்கு இருபுறமும் சிறகு போல் விரியும் தகடுகள், இதற்குத் தென்புறத்தில் மட்டுமே வைக்கப்பட்டன. ஒற்றைச் சிறகுள்ள பறவையைப் போல அக்கலம் வானிலே நின்றது.

ஒற்றைச் சிறகின் மீது ஒளி விழுகிறது. மறுபுறத்தில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. பத்துச் சதுர மீற்றர் பரப்புள்ள ஒரு கரிய தகட்டின் மீது விழும் விசை இரண்டு கடுகுமணிகளின் எடையளவே. ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. அந்தச் சிறு விசை இடைவிடாமற் கலத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். கலம் திரும்பினால் அதன் கண் பூமியை விட்டு விலகும். அதன் அலைவாங்கிகளும் விலகும். உள்ளே சுழலும் சில்லுகளைக் கொண்டு ஓரளவுக்கு அதனைத் தாங்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை மீறும்போது வாயுவைப் பீறிட்டுக் கலத்தை நிமிர்த்த வேண்டும். அதற்கோ எரிபொருள் வேண்டும். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் கலத்துக்கு எரிபொருள் கொண்டுசென்று ஊற்றுவார் எவர்? எரிபொருள் முடியும் நாளே அக்கலத்தின் இறுதி நாளாகும்.

இதற்குப் பொறியியலாளர் கண்ட பரிகாரம், வன்னிக் கிணற்றடிகளில் நின்ற துலாவை நினைவூட்டுவது. துலாவின் அடிப்புறம் தடித்துக் குறுகியது. தலைப்புறம் மெலிந்து நீண்டது. நீளம் எடைக்கு ஈடுகொடுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. அதே முறையிலே, செய்மதியின் வடபுறத்திலிருந்து மெல்லிய நீண்ட கோல் ஒன்று நீட்டப்பட்டு, அதன் நுனியிலே இலேசான பாய் ஒன்று விரிக்கப்பட்டது. பாயின் பரப்புச் சிறிதாயினும் அது தொலைவில் நிற்பதால், அதன் மீது விழும் ஒளி, தென்புறத் தகட்டின் மீது விழும் ஒளிக்கு ஈடுகொடுத்தது. தூரத்தில் நிற்பதால் குளிராக்கிக்கும் அது பெருந்தொல்லை தரவில்லை. கலத்தைச் சாய்க்க வந்த ஒளியைக் கொண்டே கலம் நிமிர்த்தப்பட்டது. அதற்கு ஒரு துளி எரிபொருளும் வேண்டியதில்லை.

அந்தப் பாயின் அருமை, அது விரியாதபோதே நன்கு தெரிந்தது. வரிசையின் முதற் கலமான இன்சாட்-1ஏ, 1982 ஆம் ஆண்டு ஏப்பிரல் 10 ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. ஏழாண்டு பணிபுரியவென அது அமைக்கப்பட்டிருந்தது. மேலே சென்றதும் திறக்க மறுத்த அலைவாங்கி ஒன்று பெருமுயற்சியின் பின் திறந்துகொண்டது. பாயோ இறுதிவரை விரியவேயில்லை. ஆகவே ஒளியின் தள்ளுதலை எரிபொருளைச் செலவிட்டே எதிர்க்க வேண்டியதாயிற்று. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. செப்டெம்பர் மாதத்திலே எரிபொருள் தீர்ந்து, ஆறு மாதமும் நிறையாத நிலையில் அக்கலம் கைவிடப்பட்டது. இரண்டு கடுகின் எடையளவான விசையோடு நாள்தோறும் பொருதுவது எவ்வளவு செலவானது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறு ஆண்டு ஓகஸ்ட் 30 ஆம் நாள், சலெஞ்சர் என்னும் விண்வெளி ஓடத்தின் மூலம் இன்சாட்-1பி மேலே கொண்டுசெல்லப்பட்டது. அதன் பாய் விரிந்தது. சூரியத் தகடு முதலில் விரிய மறுத்தாலும் பின்னர் விரிந்தது. கர்நாடகத்து ஹாசன் நகரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தார் அதனை நெறிப்படுத்த, அது தனக்கு விதிக்கப்பட்ட காலத்தையும் கடந்து உழைத்தது. இந்தியாவிலேயே அமைக்கப்பட்ட முதல் இன்சாட் ஆகிய 2ஏ, 1992 யூலையில் ஏவப்பட்டது. அதற்கும், அடுத்த ஆண்டு சென்ற 2பி இற்கும், 2003 இல் ஏவப்பட்ட 3ஏ இற்கும் அத்தகைய பாய் இருந்தது. பின்னர், வானிலையை நோக்குவதற்கென்றே அமைந்த 3டி 2013 இலும், 3டிஆர் 2016 இலும், 3டிஎஸ் 2024 இலும் மேலே சென்றன. பாய் வைத்தோ, வேறு உபாயத்தாலோ, ஒளியின் விசைக்கு ஈடுசெய்யாமல் எந்தச் செய்மதியும் அங்கே நிலைத்து நிற்க முடியாது.

2020 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆம் நாள் இரவு, புரெவி என்னும் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்து வன்னிப் பகுதியூடாகச் சென்றது. அது எங்கே உருவாகிறது, எந்நேரம் கரையை அடையும் என்பன பல நாளுக்கு முன்பே கூறப்பட்டன. மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். மீனவர் கடலுக்குச் செல்லவில்லை. 1964 இற்கும் 2020 இற்கும் இடையில் உள்ள வேறுபாடு இதுவே. ஆயினும் முன்னறிவித்தல் ஒன்றே எல்லாரையும் காத்துவிடும் எனக் கூறுவது மிகையாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையிலே நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்றது. வானத்துக் கண் காண்பதைச் சொல்லும்; அதனைக் கேட்டு உரிய நேரத்தில் வான்கதவைத் திறப்பதும், மக்களை இடம்பெயரச் செய்வதும் மண்ணில் இருப்போரின் கடமை.

இதுவரை கூறியது, தொல்லையாக வந்த ஒளியைச் சமன்செய்த கதை. அதனைக் கருவியாகவே கையாண்ட கதையும் உண்டு. புதன் கோளை நோக்கி 1973 இல் சென்ற மரைனர்-10 என்னும் அமெரிக்கக் கலத்தில் வாயு குறைந்தபோது, அதன் சூரியத் தகடுகளைத் தக்கவாறு சாய்த்து, ஒளியின் தள்ளுதலாலேயே கலத்தின் நிலையை ஒழுங்குபடுத்தினார்கள். வேற்றுச் சூரியக் குடும்பங்களைத் தேடிய கெப்ளர் தொலைகாட்டிக்கு நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கது. அதனை நிலைநிறுத்தும் நான்கு சில்லுகளுள் ஒன்று 2012 இலும் மற்றொன்று 2013 இலும் பழுதாயின. நேர்குறி பார்க்க மூன்று சில்லுகளேனும் வேண்டும். இருந்தவையோ இரண்டு. அப்போது, கலத்தின் இருபுறமும் ஒளி சமமாகப் படும்படி அதனைத் திருப்பி வைத்து, ஒளியையே மூன்றாவது சில்லாகக் கொண்டனர். அவ்வாறு 2014 இல் மறுவாழ்வு பெற்ற தொலைகாட்டி 2018 வரை பணிபுரிந்தது.

ஒளியால் மட்டுமே ஓடும் கப்பல் ஒன்றைக் கற்பனையிற் கண்டவர் மேலே கூறிய கிளாக். சூரிய ஒளியைப் பாயிலே ஏந்தி வானவெளியில் நடைபெறும் ஓட்டப் பந்தயத்தைப் பற்றி அவர் எழுதிய சிறுகதை, சூறாவளி வவுனியாவைக் கடந்த அதே 1964 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நாற்பத்தாறு ஆண்டுகளின் பின் அக்கற்பனை மெய்யாயிற்று. யப்பானியர் 2010 மே மாதம் 21 ஆம் நாள் ஏவிய இக்காரொஸ் என்னும் கலம், பதினான்கு மீற்றர் பக்கமுள்ள சதுரப் பாயை வானிலே விரித்தது. பாயின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கிலும் குறைவு. அதன் மீது ஒளி உண்டாக்கிய விசை ஒரு கிராமின் பத்திலொரு பங்கு எடைக்குச் சற்றே மேற்பட்டது. கலத்தின் எடையோ முந்நூறு கிலோகிராமுக்கு மேல். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு நாளில் அதன் வேகம் செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் மட்டுமே கூடும். ஆனால் அதே தள்ளுதல் ஓராண்டு நீடித்தால் செக்கனுக்கு நூறு மீற்றருக்கு மேற்பட்ட வேகம் சேர்ந்துவிடும். அது மணிக்கு 360 கிலோமீற்றர் ஆகும். அவ்வாண்டு டிசெம்பரில் அக்கலம் வெள்ளிக் கோளின் அருகாகச் சென்றது. பின்னர் 2019 இல் அமெரிக்கச் சங்கமொன்று பொதுமக்களின் நன்கொடையால் ஏவிய லைற்செயில்-2 என்னும் ஐந்து கிலோகிராம் கலம், 32 சதுர மீற்றர் பாயை விரித்து, பூமியைச் சுற்றும் தன் பாதையை ஒளியைக் கொண்டே மாற்றிக் காட்டியது.

இப்பாய்களுக்கும் எல்லை உண்டு. சூரியனை விட்டு இரு மடங்கு தூரம் சென்றால் ஒளி நான்கில் ஒன்றாகும். வியாழனின் தூரத்திலே அது இருபத்தேழில் ஒன்றாகக் குறைந்துவிடும். அன்றியும், பாரமான கலத்துக்கு ஏக்கர்க் கணக்கிற் பாய் வேண்டும். எனவே ஒளியால் ஓடும் கலம் இலேசாக இருத்தல் வேண்டும். இலேசாக இருக்குமளவுக்கு அது விரைவாகும்.

இந்த எண்ணத்தை இன்னும் ஒரு படி கொண்டு சென்றால், கண்ணுக்குப் புலப்படாத சிறு பொருள்களை ஒளி எளிதிற் தள்ள வேண்டும் என்பது விளங்கும். ஒரு பொருளின் அளவு பத்திலொன்றாகச் சுருங்கினால், ஒளிபடும் பரப்பு நூறிலொன்றாகும், எடையோ ஆயிரத்திலொன்றாகிவிடும். ஆகவே பொருள் சிறுக்கச் சிறுக்க ஒளியின் கை ஓங்குகிறது. வால்வெள்ளியின் தூசி தள்ளப்படுவதும் இதனாலேயே. அமெரிக்க விஞ்ஞானி ஆதர் அஷ்கின், லேசர் எனப்படும் செறிந்த ஒளிக்கற்றையைக் கொண்டு, நீரில் மிதந்த மிகச் சிறிய பிளாஸ்ரிக் உருண்டைகளைத் தள்ளி 1970 இல் இதனை மெய்ப்பித்தார்.

அந்தச் சோதனையிலே எதிர்பாராத ஒன்றும் புலனாயிற்று. உருண்டைகள் கற்றையின் வழியே தள்ளப்பட்டதோடு நில்லாமல், கற்றையின் நடுவை நோக்கி இழுக்கப்பட்டன. ஒளி உருண்டையினூடே செல்லும்போது வளைகிறது. ஒளியை ஒரு பக்கமாக வளைத்த உருண்டை, தான் மறுபக்கமாகத் தள்ளப்படுகிறது. இவ்வாறு உண்டாகும் பல தள்ளுதல்களின் முடிவாக, உருண்டை ஒளி செறிந்த இடத்தையே நாடி நிற்கிறது. இதனைப் பயன்படுத்தி 1986 இல் அஷ்கினும் அவரது துணைவர்களும் ஒற்றை ஒளிக்கற்றையாலே ஒரு நுண்பொருளைப் பற்றிப் பிடித்தனர். ஒளியாலான இக்குறட்டைக் கொண்டு, மறு ஆண்டு உயிருள்ள பற்றீரியாக்களைக் கொல்லாமலே பிடித்து நகர்த்தினர். உயிரணுக்களின் உள்ளே பாரம் சுமந்து செல்லும் நுண்ணிய புரதங்கள் எவ்வளவு விசையோடு அடியெடுத்து வைக்கின்றன என்பதை இன்று அளக்க முடிவது இக்குறட்டினாலேயே. அஷ்கின் 2018 ஆம் ஆண்டு, தமது 96 ஆவது வயதிலே, பௌதிகவியலுக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தார் 2022 இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையின் போக்கைக் காட்டுவது. ஒரு மில்லிமீற்றரில் நானூறில் ஒரு பங்கு அகலமுள்ள சிறு வில்லை ஒன்றில், பொன்னாலான நுண்ணிய உறுப்புகளைப் பதித்தார்கள். அவை ஒளியை ஏற்று ஒரு பக்கமாக வீசும். வில்லை மறுபக்கமாக நகரும். ஒளியின் தன்மையை மாற்றுவதன் மூலம் நீரினுள்ளே அதனை முன்னேயும் பக்கங்களிலும் ஓட்டித் திருப்பவும் முடிந்தது. அதனுள்ளே இயந்திரமும் இல்லை, எரிபொருளும் இல்லை. இக்காரொஸைத் தள்ளியதும் இவ்வில்லையைத் தள்ளியதும் ஒரே விதிதான்.

மாரிகாலத்தில் முல்லைத்தீவு மீனவர் கடலுக்குப் போகுமுன் வானொலியிலே வானிலை அறிக்கையைக் கேட்கின்றனர். கடல் கொந்தளிப்பாக இருக்கும், கரையிலேயே தங்குக என்னும் ஒற்றை வாக்கியம் அவர்களின் காதில் விழுகிறது. அந்த வாக்கியத்தின் பின்னே மேகப் படங்கள் இருக்கின்றன. அப்படங்களின் பின்னே அசையாது நின்று நோக்கும் ஒரு கண் இருக்கிறது. அக்கண் அசையாது நிற்பதற்கோ, ஒருவரும் உணர்ந்தறியாத ஒரு விசையை, நெல்லெண்ணியும் கடுகெண்ணியும் கணக்கிட்டவர்களின் பொறுமையே காரணம். அளவிலே சிறியது என்பதற்காக எதனையும் கணக்கினின்று தள்ளிவிடலாகாது என்பதை, கடலில் விழாத வள்ளங்களும் கரை திரும்பிய மனிதர்களும் நமக்கு உணர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.